தம்பியின் பங்கும் என் எடையும்

ஐப்பசியில் தீபாவளி தொடங்கித் தை மாதம் காணும் பொங்கல் முடிகிறவரை எங்கள் திருவண்ணாமலையில் யாரும் யாரையும் பசியோடு விடமாட்டார்கள். விட்டால் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் விடமாட்டார்கள். ஊர்ப் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்ல வரவில்லை. இப்போதுதான் முடிந்த இந்த மூன்று மாதமும் நான் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புரட்டாசிக் கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என்னை எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினார்கள். என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் மூன்று வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கிறவன். வாரத்தில் பாதி நாள் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்து டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடக்கிறான். அவனுக்கு ஒரு சிறுநீரகத்தை நான் கொடுப்பது என்று முடிவு செய்து, என் வீட்டுக்காரரும் சம்மதித்து, ரத்தம் முதல் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எல்லாம் பொருந்தியும் விட்டது. இடித்தது என் உடம்பு ஒன்றுதான்.

"உங்க கிட்னி நல்லா இருக்கும்மா," என்றார் டாக்டர். "ஆனா இவ்ளோ எடைய வெச்சிக்கிட்டு ஒண்ண எடுத்துட்டா, மீதி இருக்கிற ஒண்ணு எப்படித் தாங்கும்? சர்க்கரையும் எல்லையில வந்து நிக்குது. அப்புறம் உங்களையும் இங்கயே படுக்க வைக்கணும். எடையக் குறைங்க. பொங்கல் முடிஞ்சி வாங்க, சரியா இருந்தா அன்னிக்கே தேதி குடுத்துடறேன்."

வெளியே வந்ததும் தம்பி, "பரவால்ல விடுக்கா," என்று சொல்லிக்கொண்டே என் பையை வாங்கப் பார்த்தான். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்துக்கொண்டிருக்கிற கை அது. அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். பையைப் பிடுங்கிக்கொண்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அவனும் அவன் மனைவியும் முன் சீட்டில் தூங்கிப்போன பிறகு, செஞ்சி தாண்டியதும் வீட்டுக்காரர் மெல்ல என்னிடம் சொன்னார். ரொம்ப நாள் தள்ளாதீங்க, அந்தக் கை இன்னும் எத்தனை நாளைக்கு ஒத்துழைக்கும்னு சொல்ல முடியாது என்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

ஆக எனக்குக் கிடைத்த கெடு தீபாவளி, கார்த்திகை தீபம், மார்கழி, பொங்கல். வருஷத்தில் வேறு எந்த மூன்று மாதத்தைக் கொடுத்திருந்தாலும் ஒரு கை பார்த்திருப்பேன்.

தம்பி வீட்டு வழக்கம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பண்டிகை நாளில் சாமிக்குப் படைத்தது அத்தனையும் வீட்டு ஆம்பிளை இலையில் வந்தாக வேண்டும். அவன் உடம்புக்கு ஆகாது என்று ஒன்றை வைக்காமல் விடக் கூடாது. வைத்ததைத் தூக்கி எறியவும் கூடாது. அவனுக்கோ எதுவும் ஆகாது. தண்ணீரே அளவாகத்தான் குடிக்க வேண்டும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, உப்பு கூடாது, வெல்லம் கூடாது. கடலைக்காட்டுக்காரனுக்கு வேர்க்கடலையும் கூடாது. அவன் மனைவி அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவன் முதன்முதலாக ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே, அவன் தேறி வந்து எல்லாரையும் போலச் சாப்பிடுகிற வரைக்கும் இனிப்பைத் தொடமாட்டேன் என்று அவள் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. என் மகன் பெங்களூரில் இருந்து பண்டிகைக்குப் பண்டிகை வருகிறவன் இல்லை. மிச்சம் இருப்பது நான்தான்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் தம்பி தன் இலையில் கை வைப்பதற்கு முன்னால் சர்க்கரைப் பொங்கலையோ அதிரசத்தையோ வடையையோ எடுத்து என் இலைக்கு மாற்றுவான். "நீ துன்னுக்கா, நான் பாக்கறேன்," என்பான். நான் ஒரு வாய் வைத்ததும், "எப்பிடி இருக்குது?" என்று கேட்பான். பல்லில் முந்திரி படுகிறது, ஏலக்காய் வாசம் வருகிறது என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே தன் உப்பில்லாத சோற்றைச் சாப்பிடுவான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நானும் மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

சரி, தீபாவளிக்கு வருகிறேன்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் அலுவலகத்தில் கோப்பு வைக்க இடம் இருக்காது; எல்லா மேஜையிலும் ஸ்வீட் பாக்ஸ். சிறுநீரகம் கொடுக்கப்போகிற விஷயத்தை வெளியில் சொல்ல வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். பரிதாபப்படுகிறேன் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் எனக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தது என் மடத்தனம்.

எதிர்வீட்டு அம்மா ஒரு தூக்கு நிறைய மைசூர்பாகு கொண்டுவந்தார். சுகர் என்றேன்.

"சொன்னாங்க, சொன்னாங்க. அதனாலதான் உனுக்குன்னு தனியா நாட்டுச்சக்கரையில செஞ்சேன். இது ஒண்ணும் பண்ணாது," என்றார்.

"நெய்யிங்க?"

"நெய்யி நல்லதுதாம்மா ஒடம்புக்கு!"

அவரோடு முடியவில்லை. ஒருவர் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார். ஒருவர் கம்பு லட்டு, இன்னொருவர் கேழ்வரகு லட்டு. சிறுதானியம் என்று பெயர் சொல்லிவிட்டால் அதில் ஊற்றின நெய் கணக்கிலேயே வராது என்று இந்த ஊரில் யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. எல்லாவற்றையும் தின்று வயிறு மந்தமானால் அதற்கென்று தீபாவளி லேகியம் வேறு. அதையும் வெல்லமும் நெய்யும் விட்டுத்தான் கிளறுகிறார்கள். வாங்க மறுத்தால் முகம் தொங்கிப்போகிறது. வாங்கிவைத்தால் வீட்டில் இருக்கிறது. வீட்டில் இருந்தால் சாயங்காலம் டீ குடிக்கும்போது என் கை தானாகப் போகிறது. மகானாக இருந்தால் போகாமல் இருக்கும், நான் எழுத்தர்.

பொறுக்க முடியாமல் பக்கத்து சீட்டுக்காரியிடம் மட்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தெய்வம் மேடம்," என்றாள். மறுநாள் ஒரு டப்பா பேரீச்சம்பழம், ஒரு டப்பா பாதாம், ஒரு டிபன் கேரியர் நிறைய நெய்ச்சோறும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "ரெண்டு உயிருக்குச் சேத்து நீங்க சாப்பிடணும் மேடம்," என்றாள். பிள்ளைத்தாச்சிக்குச் சொல்வதை ஐம்பது வயதில் எனக்குச் சொல்கிறாள். எடை குறையவேண்டும் என்று டாக்டர் சொன்னதை இன்னொரு தரம் விளக்கினேன். "அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்று மூடியைத் திறந்தாள்.

நடக்கலாம் என்று பார்த்தேன். கிரிவலப் பாதையிலிருந்து ஒரு தெரு உள்ளே இருக்கிறது என் வீடு. தினமும் விடியற்காலையில் அடி அண்ணாமலை வரைக்கும் போய்த் திரும்பினேன். மற்ற நாட்களில் குறை ஒன்றும் இல்லை. பௌர்ணமி வந்தால் போச்சு. வழி நெடுக அன்னதானம். ஒரு பந்தலைத் தாண்டினால் அடுத்த பந்தல். சாம்பார் சாதமும் கேசரியும் சுண்டலும் வைத்துக்கொண்டு கையில் கரண்டியோடு குறுக்கே வந்து நிற்கிறார்கள். "சாமி பிரசாதம்மா, வேணான்னு சொல்லாதீங்க," என்று ஒரு பெரியவர் தொன்னையை என் கையில் திணித்துவிட்டு, நான் சாப்பிடுகிறேனா என்று நின்று பார்த்தார். வெளியூர்க்காரர்களுக்கு அது புண்ணியம். எனக்கு அன்று நடந்த நடை அத்தனையும் தண்டம். அடுத்த பௌர்ணமிக்கு நான் போகவில்லை. உலகமே எங்கள் ஊரைத் தேடி வந்து நடக்கிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு மொட்டை மாடியில் இப்படியும் அப்படியும் நடந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இத்தனைக்கும் நடுவில், கார்த்திகை பிறந்தபோது என் ரவிக்கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. வாங்கி வைத்திருந்த எடை மெஷினில் முள்ளும் இறங்கியிருந்தது. சோற்றைப் பாதியாக்கி, ராத்திரிக்கு இரண்டு இட்லியோடு எழுந்து, அந்தப் பசியை எல்லாம் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்து தீர்த்துக்கொண்டேன். அந்த மனிதர் பாவம், எனக்குத் தெரியாமல் ஓட்டலில் தோசை சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

அப்போது தீபம் வந்தது.

தீபத்தை ஒட்டி ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். டயாலிசிஸ் ஒரு நாள் தவறினாலும் தம்பிக்கு மூச்சு முட்டும். அதனால் கோயிலில் கொடியேறிய நாலாம் நாளே அவனும் அவன் மனைவியும் என் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார்கள். அவள் ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் நெய்த்தூக்கு. பின்னால் ஆட்டோக்காரர் ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"சும்மா அண்ணி, இருக்கட்டும்," என்றாள். தம்பி மனைவி என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். குச்சிபோல இருப்பாள். அன்று சாயங்காலமே என் அடுப்பங்கரையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயி குந்துங்க அண்ணி. ஆபீஸ்லயும் வேலை, இங்கயும் வேலையா? நான் இருக்கசொல்ல நீங்க இன்னாத்துக்கு அடுப்பாண்ட நிக்கறீங்க?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. காலையில் எனக்குக் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் கொஞ்சமாகச் சோறும் நிறையக் காயும், இனிப்பு கிடையாது என்று சொல்லிவைத்தேன். "அப்பிடியே செஞ்சிடலாம் அண்ணி," என்றாள். கஞ்சியும் அப்படித்தான் வந்தது. இத்தனை நாள் நான் காய்ச்சிக் குடித்ததெல்லாம் கஞ்சியே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு ருசியாக இருந்தது. தினமும் அவளைப் பாராட்டிவிட்டு ஆபீஸ் போனேன்.

தீபத்தன்று எங்கள் வீடுகளில் மலையில் தீபம் ஏற்றுகிற வரைக்கும் விரதம். வருஷத்தில் ஒரு நாளாவது இந்த ஊரில் யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லமாட்டார்கள் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். விடிந்ததும் தம்பி மனைவி இட்லியை ஊற்றிவைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"விரதம் இல்லையா இன்னிக்கு?"

"ஆமாண்ணி. அதான் சோறு ஆக்கல."

சோறு இல்லை, அவ்வளவுதான் விரதம். காலையில் இட்லி. பத்து மணிக்குப் பாலும் பழமும். மத்தியானம் ரவை உப்புமா, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. நாலு மணிக்குச் சுண்டல். சாதாரண நாளில் நான் இதில் பாதிகூடச் சாப்பிடமாட்டேன். வேண்டாம் என்றால், "வெறும் வயித்தோட தீபம் பாத்தா மயக்கம் வரும் அண்ணி," என்கிறாள். சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தீபம் நன்றாகத் தெரியும் என்று சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை. பொரி உருண்டை, அப்பம், அடை, மறுபடி பொரி உருண்டை.

ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் எரிந்தது. ஊர் முழுக்க அரோகரா என்று எழுந்த சத்தத்தில் எனக்கு எப்போதும்போல உடம்பு சிலிர்த்தது. தம்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். தூக்கின கையில் சட்டை இறங்கி, கட்டுப் போட்ட இடம் தெரிந்தது. அவன் மனைவியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். என் எடையைக் குறைத்துவிடு சாமி என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வரவில்லை. அத்தனை பெரிய தீபத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இதையா கேட்பது என்று கூச்சமாக இருந்தது. அழுகையும் வந்தது. கண்ணைத் திறந்து, "அரோகரா," என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற என் சின்ன மாமியார் அதில் ஒரு அப்பத்தை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மெஷினில் ஏறினேன். தீபாவளிக்கு அப்புறம் இறங்கினதெல்லாம் திரும்ப ஏறி, அதற்கு மேலும் நின்றது. தீபத்தன்று தின்றதை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அவ்வளவு வராது. மெஷின் கெட்டுவிட்டது என்று வீட்டுக்காரரை ஏறச் சொன்னேன். அவர் எடை மாறவே இல்லை. "மெஷின் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக இறங்கிக் கடைக்குப் போய்விட்டார். நான் அன்று நடை போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இனிப்பு இல்லை, சோறு பாதி, தினமும் நடை. இன்னும் என்னதான் செய்வது? தம்பி மெஷினோடு படுத்துக் கிடக்கிற கட்டில்தான் கண் முன்னால் வந்தது.

பாதை முழுக்கத் தீபக் கூட்டம் விட்டுப்போன குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நடக்க இடமில்லை. பாதியில் திரும்பிப் பின்கட்டு வழியாக வீட்டுக்குள் வந்தேன். அடுப்பில் என் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி மனைவி ஒரு டப்பாவிலிருந்து வறுத்துப் பொடித்த வேர்க்கடலை மாவைப் பிடிப்பிடியாக அள்ளி அதில் போட்டாள். கிளறினாள். அப்புறம் நெய்த்தூக்கைச் சாய்த்து ஒரு குழிக்கரண்டி ஊற்றினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"என்னடி பண்ற?" என்று நான் போட்ட சத்தத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

அதற்கு முன்னால் அவளை நான் 'டி' போட்டுப் பேசினதில்லை. அன்று என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. "வந்த நாள்லேர்ந்து இதையா ஊத்திக்குடுத்த? எடை கொறையலன்னா டாக்டர் தேதி தரமாட்டார்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? அன்னிக்கு நீயுந்தான வந்திருந்த?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா?"

அவள் அடுப்பை அணைத்தாள். தலையைத் தூக்காமல்தான் பேசினாள். "நீங்க நாளுக்கு நாள் எளச்சிகினே போறீங்க அண்ணி. மொகமெல்லாம் வாடிப்போச்சி. இந்த ஒடம்பப் போட்டு அறுக்கப் போறாங்க. தெம்பு வேணாமா? உங்களுக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னா, நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அண்ணன் மூஞ்சில முழிப்பேன்?" அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க காட்டுக் கடலதான். உங்களுக்குக் குடுக்கறதுக்கு எங்ககிட்ட வேற இன்னா இருக்குது?"

எனக்கு வந்த கோபத்துக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. இவளைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா? என் ஊர் என்னைத் தின்ன வைத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். புருஷன் பிழைக்கவேண்டும் என்று மூன்று வருஷமாக நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறவளே அவன் ஆபரேஷனைக் கரண்டி கரண்டியாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது தெரியவே இல்லை.

"இங்க பாரு," என்றேன். "நீ ஊத்தற நெய்யி எனக்குத் தெம்பு ஆவாது. அவன் அந்த மெஷின்ல இன்னும் ஜாஸ்தி நாள் கெடப்பான். அவ்ளோதான். எனக்குக் குடுக்கணும்னு இருந்தா, பசியக் குடு. எனக்கு அதான் வேணும்."

அவள் கஞ்சிச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் கட்டியிருந்த மாட்டுக்கு ஊற்றிவிட்டு வந்தாள். டயாலிசிஸுக்குப் போயிருந்த தம்பி மத்தியானம் திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தோம். அவனிடம் சொல்லவேண்டாம் என்று அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

அவர்கள் ஊருக்குப் போனபிறகு அவள் என்னை விடவில்லை. மார்கழி முழுக்கக் காலையில் ஒரு போன், ராத்திரி ஒரு போன். "இன்னா சாப்டீங்க அண்ணி?" என்பாள். இரண்டு இட்லி என்று சொன்னால், "ரெண்டுதானே? மூணாவது இல்லையே?" என்று கேட்பாள். முன்பு தின்ன வைத்துக் கொன்றவள் இப்போது கேட்டே கொன்றாள். தெருப் பிள்ளையார் கோயிலிலிருந்து தினமும் விடியற்காலையில் வெண்பொங்கல் வந்தது. பிரசாதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதே மாட்டுக்குக் கொண்டுபோனேன். மார்கழி முடிவதற்குள் அந்த மாடு என்னைக் கண்டாலே எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டது. என் எடை இறங்கியது. இறங்கி இறங்கி, டாக்டர் சொன்ன இடத்துக்கு அருகில் வந்து, அங்கிருந்து நகராமல் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தது காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு. நான் பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அக்கா இல்லாம என்னா பொங்கல்?" என்று அவன் போனில் கேட்டான். வீட்டுக்காரரும் நானும் போனோம்.

வாசலில் பொங்கல் பொங்கியது, படையல் முடிந்தது. தம்பி இலையில் எல்லாமே வந்தது. இலை நுனியில் சர்க்கரைப் பொங்கல் ஒரு குன்றுபோல இருந்தது. என் இலையில் சோறும் காயும் மட்டும். தம்பி மனைவி எனக்கு வைக்கும்போது என் கண்ணைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போலத் தன் இலையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை எடுத்தான். போன பொங்கலுக்கு இருந்ததைவிட அவன் முகம் கறுத்துப் போயிருந்தது.

"டேய், ஆஸ்பத்திரி இருக்குதுடா," என்றேன்.

"அதுக்கு இன்னும் நாள் இருக்குதேக்கா. ஒரு வாய் துன்னா ஏறிடப்போவுதா? நீ துன்னு, நான் பாக்கறேன்," என்றான். சிரித்தான்.

எனக்கு இலையை மூட மனசு வரவில்லை. மூன்று மாதம் ஊரோடு சண்டை போட்டவள், அவன் சிரித்ததும் தோற்றுப்போனேன். சரி, ஒரு வாய்தானே என்று நானும் சொல்லிக்கொண்டேன். ஒரு வாய், ஒரு வாய் என்றுதான் எல்லாமே ஏறியது என்பது எனக்குத் தெரியாதா?

பொங்கல் என் இலையில் விழுவதற்குள் குறுக்கே ஒரு கை வந்தது. தம்பி மனைவி எனக்கு முன்னால் உட்கார்ந்து என் இலைமேல் தன் கையை விரித்து வைத்திருந்தாள்.

"அண்ணிக்கு வெக்காதீங்க," என்றாள்.

"படைச்சத வீணாக்கக் கூடாதும்மா," என்றான் அவன்.

"யார் வீணாக்கப் போறாங்க? குடுங்க இங்க. புருஷன் இலையிலேர்ந்து எடுத்துத் துன்ன நான் யாரக் கேக்கணும்?"

"நீதான் இனிப்பு தொடமாட்டன்னு..."

"அத நான் அண்ணாமலையார்கிட்ட பேசிக்கறேன். அவருக்குப் புரியும். அண்ணி ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது." அவன் கையிலிருந்ததை வாங்கினாள். இலையில் மிச்சம் இருந்ததையும் வழித்து எடுத்தாள். எடுத்ததை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்து வைக்கிறாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்காமலே மென்றாள்.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "இவ்ளோ நாளா என் பங்கத் துன்னுதான் நீ இப்பிடி ஆனியாக்கா?" என்று கேட்டான்.

"போடா. எனக்கே தீனி ஆசை ஜாஸ்தி," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைக் குடித்தார்.

அவன் தன் உப்பில்லாத சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். அப்புறம், பழக்கம் விடவில்லை, மனைவியிடம் கேட்டான். "எப்பிடி இருக்குது?"

அவள் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "வெல்லம் எவ்ளோ ஜாஸ்தி! வாயில வெக்க முடியல." என்னிடம் திரும்பினாள். "மூணு வருஷமா ருசி பாக்காமயே இப்பிடித்தான் செஞ்சிகினு இருந்தனா? ஏன் அண்ணி, ஒரு வாட்டியாவது சொல்லக் கூடாதா நீங்க?"

மூன்று வருஷமும் நன்றாக இருக்கிறது என்றுதான் நான் அவனிடம் சொல்லிவந்தேன். அந்த வெல்லப் பாகை ஒவ்வொரு பண்டிகைக்கும் இரண்டு பங்கு தின்றுவிட்டு, இப்போது அதற்கும் நான்தான் ஏச்சு வாங்கினேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன். ரத்தம் எடுத்தார்கள், மத்தியானம் வரை காத்திருக்க வைத்தார்கள். டாக்டர் எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, "பண்டிகை எல்லாம் தாண்டி எப்படிம்மா குறைச்சீங்க?" என்று கேட்டார். அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? மாசியில் ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் வெளியே வந்து நடைவழியில் நின்றோம். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது, எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவன் மனைவி என் கையைப் பிடித்தாள். தெய்வம், கிய்வம் என்று ஆரம்பித்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் அதெல்லாம் சொல்லவில்லை.

"அடுத்த பொங்கலுக்கு வெல்லத்தக் கம்மி பண்ணிடறேன் அண்ணி," என்றாள். "அவரும் துன்னணும் இல்ல?"